ஹயகாவாவும் பேசாப் படவுலகும்

1957ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே, களனி கங்கை மலைநாட்டை விட்டு இறங்கிவரும் வழியிலுள்ள கித்துல்கலை என்னும் ஊரில், மரத்தாற் கட்டிய பெரும் பாலமொன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதன்மீது ஓடிவந்த புகையிரதமும் ஆற்றில் வீழ்ந்தது. இலங்கைப் புகையிரதப் பகுதியாரிடமிருந்து விலைக்கு வாங்கப்பட்ட பழைய வண்டி அது. முதன்முறை முயன்றபோது, படப்பிடிப்பாளர் ஒருவர் பாதுகாப்பான இடத்தை அடைந்துவிட்டார் என்னும் குறிப்புக் கிடையாமையால் வெடி வைக்கப்படவில்லை. வண்டி பாலத்தைக் கடந்து அப்பாலிருந்த மின்பிறப்பாக்கியில் மோதி நின்றது. அதனைச் சீர்செய்து மீண்டும் ஓட்டிப் பாலத்தைத் தகர்த்தபோது, அக்காலப் பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவும் அருகிருந்து பார்த்தார். டேவிட் லீன் நெறிப்படுத்திய ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் ஆங்கிலப் படத்தின் உச்சக்காட்சி இவ்வாறு நம் நாட்டிலே பதிவாயிற்று.

அப்படத்தைக் கண்டோர் பலர். அதிற் சைட்டோ என்னும் யப்பானியத் தளபதியாக நடித்த முதியவர் யாவர் என்பதை அறிந்தோர் சிலரே. அப்போது எழுபது வயதினரான செஷு ஹயகாவா, நாற்பது ஆண்டுகட்கு முன்னர் அமெரிக்கப் பேசாப் படவுலகின் முன்னணி நாயகருள் ஒருவராய்த் திகழ்ந்தவர். பிறர் படங்களில் நடித்ததோடமையாது தாமே படக்கம்பனி நிறுவி நடாத்தியவர். அவர் அவ்வாறு புகழ்பெற்ற காலத்திலேயே, அந்நாட்டுச் சட்டம் அவரைக் குடிமகனாக ஏற்க மறுத்தது. திரையிலே அவர் முகத்தைக் காணக் காசு கொடுத்து நுழைந்த கூட்டம், திரைக்கு வெளியே அவரினத்தார் அயல்வீட்டில் வாழ்வதைப் பொறுத்ததில்லை. இந்த முரண்பாட்டினூடே ஒரு நடிகர் தம் தொழிலை எவ்வாறு நடாத்தினார், எதனை வென்றார், எதனை இழந்தார் என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

ஹயகாவாவின் இயற்பெயர் கிந்தாரோ. யப்பானின் சிபா மாநிலத்துக் கடற்கரையூரொன்றில் 1886ஆம் ஆண்டு யூன் 10ஆம் நாள் பிறந்தார். அமெரிக்கப் படக்கம்பனியார் வெளியிட்ட செய்திகளில் 1889 என்ற ஆண்டும் காணப்படுகின்றது. நடிகரின் வயதைக் குறைத்துச் சொல்லும் வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. தந்தையார் மீன்பிடித் தொழிலிற் செல்வம் ஈட்டியவர். மகனைக் கடற்படை அதிகாரியாக்க விரும்பினார். இளைஞர் கடலில் மூழ்கிய வேளையில் செவிப்பறை கிழிந்தது; கடற்படையின் உடற்பரிசோதனையில் தேறமுடியாமற் போயிற்று. குடும்ப மானம் தம்மாற் கெட்டது என்றெண்ணிய அவர், குறுவாளாற் பலமுறை தம் வயிற்றிற் குத்தி உயிர்விட முயன்றதாகவும், வளர்ப்பு நாய் குரைத்த ஓசை கேட்டுத் தந்தை கதவையுடைத்துக் காப்பாற்றியதாகவும் 1960இல் வெளிவந்த தம் வரலாற்று நூலிலே கூறுகின்றார்.

தன்வரலாற்றை எவ்வளவு நம்பலாம் என்ற வினா இங்கே எழுகின்றது. சிக்காகோப் பல்கலைக்கழகத்திற் பொருளியல் பயின்றதாகவும், அங்கே காற்பந்தாட்டக் குழுவில் ஆடியதாகவும் அவர் கூறியவற்றைப் பின்வந்த ஆய்வாளர் ஐயுறுகின்றனர். நடிகரின் வாழ்வும் விளம்பரமும் பின்னிக்கிடந்த காலமாதலின், முப்பது ஆண்டுகள் பத்திரிகையாளருக்குச் சொல்லிய கதைகளை நாளடைவில் அவரே நம்பியிருத்தலும் கூடும். ஆதலால் இக்கட்டுரையில் அவர் வாக்கினாலன்றி வேறாற் புலப்படாத செய்திகளை அவர் வாக்கென்றே குறிப்பிடுவேன். எனினும் ஒன்று கவனிக்கத்தக்கது. மானம், தோல்வி, தன்னைத்தான் தண்டித்தல் என்னும் மூன்றும் அவர் பிற்காலத்து நடித்த பாத்திரங்கள் பலவற்றில் மீளமீள வருகின்றன.

லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் யப்பானியர் செறிந்து வாழ்ந்த பகுதியிலே நாடகங்கள் நடந்துவந்தன. அங்கே ஹயகாவா நடித்த ‘சூறாவளி’ என்னும் நாடகத்தைத் தோமஸ் இன்ஸ் என்ற படத்தயாரிப்பாளர் பார்த்தார். வாரத்திற்கு 500 டொலர் கேட்டால் மனிதர் ஓடிவிடுவார் என்றெண்ணிக் கேட்டதாகவும், அவர் உடனே இசைந்ததாகவும் ஹயகாவா சொல்வதுண்டு. இன்சுக்கு அவரை அறிமுகஞ் செய்தவர் சுரு அவோகி என்னும் நடிகை என்பர். இவ்வம்மையார் யப்பானின் புகழ்பெற்ற நாடகக்காரராகிய ஒத்தோஜிரோ கவகாமியின் உறவினர். 1899இல் அக்குழுவினரோடு சிறுமியாக அமெரிக்கா வந்து, கலிபோர்ணியாவில் வாழ்ந்த யப்பானிய ஓவியர் ஒருவரின் வளர்ப்புமகளானவர். ஹயகாவாவுக்கு முன்னரே படங்களில் நடித்தவர். 1914ஆம் ஆண்டு மே முதலாந் திகதி இருவரும் மணம் புரிந்தனர்.

அவ்வாண்டு சனவரியில் யப்பானின் சகுரஜிமா எரிமலை பொங்கிற்று. செய்தி ஆறுமுன் அதனைப் படமாக்கிவிட்டார் இன்ஸ். ‘தேவர் சினம்’ என்று பெயர் தரத்தக்க அப்படம் யூன் மாதத்தில் திரைக்கு வந்தது. அதில் நாயகி சுரு அவோகி. ஹயகாவாவோ அவருடைய தந்தை. புதுமணத் தம்பதியரைத் தந்தையும் மகளுமாக்கிய விந்தையை விட்டு, நாயகன் யாரென்று பார்ப்போம். அவன் கப்பலுடைந்து கரையொதுங்கிய அமெரிக்க மாலுமி. பிற்காலத்தில் நெறியாளராய்ப் பெயர்பெற்ற பிராங்க் போர்சேகி அவ்வேடத்தை ஏற்றார். யப்பானியப் பெண்ணை மணந்து கப்பலேறி அவன் போய்விடுகின்றான். வெள்ளை ஆடவன் கீழைநாட்டுப் பெண்ணைக் கொள்வது திரைக்கு இசைவானது. கீழைநாட்டு ஆடவன் வெள்ளைப் பெண்ணைக் கொள்வதோ இசைவற்றது. ஹயகாவாவின் தொழில்வாழ்வு முழுவதும் இந்தக் கோட்டின் அருகிலேயே நடந்தது.

கோடு என்றது வெறும் மனவெறுப்பையன்று, சட்டத்தையே. 1790இல் இயற்றப்பட்ட ஐக்கிய அமெரிக்கக் குடியுரிமைச் சட்டம், வெளிநாட்டிற் பிறந்த ‘சுதந்திர வெள்ளையருக்கே’ குடியுரிமை வழங்கிற்று. 1870இல் ஆபிரிக்க வழியினருக்கும் அது விரிக்கப்பட்டது. ஆசியர் இரண்டிலும் அடங்கார். கலிபோர்ணியாவிலே வெள்ளையருக்கும் ‘மொங்கோலியருக்கும்’ இடையிலான திருமணம் 1905ஆம் ஆண்டுத் திருத்தத்தால் செல்லாதென்றாயிற்று. அம்மாநில உயர்நீதிமன்றம் 1948இல் தான் அத்தடையைத் தள்ளியது. குடியுரிமை பெறவியலாத அந்நியர் வேளாண்மை நிலம் வாங்கலாகாது என்று 1913இல் மற்றொரு சட்டம் வந்தது. சட்டத்தில் யப்பானியர் என்ற சொல் இல்லை. ஆயினும் அதன் குறி யாரென்பதை எல்லோரும் அறிந்திருந்தனர். இன்ஸ் கம்பனியில் ஹயகாவா சேர்ந்தது அதற்கு அடுத்த ஆண்டிலாகும்.

1915ஆம் ஆண்டு திசம்பரில் வெளிவந்த ‘த சீற்’ என்னும் படமே அவரை உலகறியச் செய்தது. தமிழில் ‘வஞ்சகம்’ எனலாம். லாஸ்கி கம்பனியார் தயாரித்தனர், செசில் பி. டி மில் நெறிப்படுத்தினார். கதை வருமாறு: பகட்டில் மூழ்கிய நியூயோர்க் மாது ஒருத்தி, தன் பொறுப்பிலிருந்த செஞ்சிலுவை நிதி 10,000 டொலரைப் பங்குச் சூதில் இட்டு இழந்துவிடுகின்றாள். தந்தவரிற் செல்வந்தனான யப்பானிய தந்த வணிகன் தோரி, அத்தொகையைத் தருகின்றான், விலை அவளேயாம். மறுநாள் கணவனுக்குப் பங்குச்சந்தையிற் பெரும்பணம் கிடைக்க, அவள் கடனைத் திருப்பிக் கொடுக்க வருகின்றாள். தோரி வாங்க மறுக்கின்றான். தன் உடைமைகள் யாவற்றிலும் இடும் முத்திரையைச் சூடேற்றி அவள் தோளிற் பொறிக்கின்றான். அவள் அவனைச் சுடுகின்றாள். கணவன் பழியைத் தான் ஏற்று நீதிமன்றம் ஏற, ஈற்றில் அவள் தோளைத் திறந்து காட்ட, கூட்டம் கொதித்தெழுந்து தோரிமேற் பாய்கின்றது.

கதை கொடியதே, நச்சுக் கதையென்றுஞ் சொல்லலாம். ஐரோப்பிய உடையும் இன்முகமும் கொண்டு விருந்துகளில் உலவும் ஆசியன், உள்ளே மாறாத காட்டுமனிதனே என்பதுதான் அதன் கருத்து. ஆயினும் இன்று அதனைக் காண்போர் நினைவில் தங்குவது மாதுமன்று, கணவனுமன்று, தோரியே. இதற்குக் காரணம் இரண்டு.

முதலாவது ஒளி. அக்காலப் படங்கள் பெரும்பாலும் எங்கும் ஒரே சீராகப் பரவிய வெளிச்சத்திற் பிடிக்கப்பட்டன. டி மில்லும் அவர் ஒளிப்பதிவாளர் அல்வின் வைக்கொவ்வும் முகத்தின் ஒரு பாதியை இருளில் விடத் துணிந்தனர். அதே ஆண்டில் முன்வந்த வேறொரு படத்தில் இதனைக் கண்ட விற்பனையாளர், பாதி முகத்திற்குப் பாதி விலைதான் தருவர் என்று சாமுவேல் கோல்ட்வின் முறையிட்டாராம். இது ஓவிய மேதை றெம்பிராண்டின் ஒளி என்று டி மில் விடையனுப்பினாராம். அப்படியாயின் இருமடங்கு விலை கேட்கலாம் என்று கோல்ட்வின் மகிழ்ந்தாராம். கதை டி மில் சொன்னது. ‘வஞ்சக’த்திலே அவ்வொளி வெறும் அலங்காரமாக நில்லாமற் கதையையே நடாத்துகின்றது. தோரி முத்திரையைச் சூடேற்றும் தணற்சட்டியின் செவ்வொளி கீழிருந்து அவன் முகத்திற் படுகின்றது. சுடப்பட்ட அவன் சாய்ந்துவிழும் காட்சியை, கடதாசித் தட்டியின் மறுபுறத்தில் நிழலாகவும் மெல்லப் பரவும் இரத்தக்கறையாகவுமே கணவன் காண்கின்றான்.

இரண்டாவது ஹயகாவாவின் அடக்கம். மற்றைய நடிகர் நாடகமேடைப் பழக்கத்தால் கைகளை வீசினர், நெஞ்சிலறைந்தனர், கண்களை உருட்டினர். பேச்சில்லாத படத்தில் உடல் பேசவேண்டும் என்று அவர்கள் கருதியதிற் குற்றமில்லை. ஆனால் படப்பெட்டி முகத்திற்கு நான்கு முழம் அருகே வந்துவிட்டது என்பதை அவர்கள் உணர்ந்திலர். ஹயகாவா உணர்ந்தார். கண்ணிமையின் ஒரு சிறு இறக்கம், உதட்டோரத்தின் ஒரு நெளிவு, அவ்வளவே. எஞ்சியதைக் காண்போர் தம் அச்சத்தாலும் ஆசையாலும் நிரப்பிக்கொண்டனர். இது யப்பானிய நாடக மரபிலிருந்து வந்ததென விளம்பரங்கள் முழங்கின. அவரோ தான் என்பதை இழத்தல் என்னும் பௌத்தக் கருத்தோடு இதனைத் தொடர்புபடுத்தினார். எவ்வாறாயினும், திரைநடிப்பு மேடைநடிப்பினின்றும் வேறான கலை என்பதை மெய்ப்பித்த முதற் சிலருள் அவர் ஒருவர் என்பதே என் துணிபு.

இதனை முதலில் வாய்விட்டுச் சொன்னவர் பிரெஞ்சுக்காரர். 1916இல், முதலாம் உலகப் போரின் நடுவே, இப்படம் பாரிசில் ஓடிற்று. எழுத்தாளர் கொலெற் ஹயகாவாவின் அசைவற்ற முகத்தின் ஆற்றலை வியந்து எழுதினார். திரையைக் கலையென மதித்து ஆராயப் புகுந்த லூயி டெலுக் போன்றோருக்கும் இப்படம் ஒரு திருப்புமுனை ஆயிற்று. இதன் கதையைத் தழுவிக் கமில் எர்லான்ஜே அமைத்த இசைநாடகம் 1921இல் பாரிசில் அரங்கேறியது. திரைப்படத்திலிருந்து இசைநாடகம் பிறந்தது அதுவே முதன்முறை என்பர். 17,000 டொலரளவு செலவிலெடுத்த படம் 1,37,000 டொலரளவு ஈட்டிற்று.

யப்பானியக் குடியேறிகளின் நிலையோ வேறு. லொஸ் ஏஞ்சலிசில் வெளிவந்த யப்பானிய நாளிதழ் படத்தைக் கடுமையாகக் கண்டித்தது. அயலவர் தங்களை ஐயக்கண்ணோடு நோக்கப் படமே போதுமென்று அச்சமூகத்தார் கொதித்தனர். ஹயகாவா அதே நாளிதழில் வருத்தந் தெரிவித்து அறிவித்தல் வெளியிட நேர்ந்தது. தம்மவர் முன் மன்னிப்புக் கேட்கவைத்த அதே பாத்திரந்தான் அவரைப் பெருநடிகராக்கியது என்ற நிலையை எண்ணிப்பாருங்கள்.

1918இல் படத்தை மீண்டும் வெளியிட்டபோது யப்பான் போரில் அமெரிக்காவின் நேசநாடு. ஆகவே எழுத்துத் தலைப்புகளை மாற்றித் தோரியைப் பர்மிய தந்த வணிகனாக்கி, ஹக்கா அரக்காவ் என்று பெயருஞ் சூட்டினர். உடையும் வீடும் தட்டிகளும் யப்பானியமாகவே இருந்தன. பர்மா அப்போது பிரித்தானியர் ஆட்சிக்குட்பட்டது. அந்நாட்டு மக்களுக்காக வாஷிங்டனில் முறையிட ஒரு தூதுவரும் இலர். பழிசுமக்க ஓரினம் வேண்டும், அது வாயில்லா இனமாயிருத்தல் நன்று என்னும் கணக்கு இதில் வெளிப்படையாயிருக்கின்றது. இன்று எஞ்சியிருப்பது இந்த 1918ஆம் ஆண்டுப் பதிப்பே.

அடுத்த மூன்றாண்டுகள் லாஸ்கி கம்பனியார் ஹயகாவாவைக் கீழைநாட்டு மக்கள் எல்லாருமாக ஆக்கினர். சீனன், இந்தியன், அராபியன், மெக்சிக்கன், தென்கடல் தீவினன் என அவர் ஏலாத வேடமில்லை. நாயகனாகவும் ஆக்கினர், ஆனால் எத்தகைய நாயகன்? வெள்ளைப் பெண்ணொருத்தியைக் காதலித்து, ஈற்றில் அவளைத் தகுந்த வெள்ளையனிடம் ஒப்படைத்துவிட்டு விலகுபவன், அல்லது அவளுக்காக உயிர்விடுபவன். இதனாற் படமுதலாளிக்கு இருவகைப் பயன். அரங்கிலிருந்த மாதர் அவ்வழகனைக் கண்டு நெஞ்சுருகலாம். கதை முடியும்போது சட்டமும் வழக்கமும் சிறிதும் பழுதுபடாதிருக்கும். அக்காலத்து அமெரிக்க மாதர் அவரை எவ்வளவு விரும்பினர் என்பதற்குப் பத்திரிகைகள் சான்று. வலன்ரீனோவுக்கு முன்னரே திரைக்காதலனாகப் போற்றப்பட்டவர் அவர்.

அவர் இதிற் களித்திருந்தார் அல்லர். இவ்வேடங்கள் யப்பானியர் இயல்புக்குப் பொருந்தாதவை, தம்மவரைப் பற்றிப் பொய்யான எண்ணம் பரப்புகின்றவை என்று 1916இலேயே பேட்டியொன்றிற் சொல்லியிருக்கின்றார். 1918இல் லாஸ்கி கம்பனியை விட்டு நீங்கித் தம் சொந்தக் கம்பனியை நிறுவினார். தம் பெயரின் முற்பகுதியையும் நெறியாளர் வில்லியம் வேர்திங்டன் பெயரின் முற்பகுதியையும் சேர்த்து ‘ஹவேர்த்’ என்று பெயரிட்டார். அமெரிக்காவில் ஆசியர் ஒருவர் தம் பொறுப்பிற் படக்கம்பனி நடாத்துவது அக்காலத்தில் அரிய செயல். மூன்றாண்டுகளில் ஏறத்தாழ இருபது படங்கள் வெளிவந்தன. அவர் தொழில்வாழ்வின் நடுநாயகம் ‘வஞ்சக’மன்று, ‘குவாய் நதிப் பால’முமன்று, இவ்விருபது படங்களே என்பது என் கருத்து, பிறர் இட்ட முத்திரையைத் துடைத்துவிட்டுத் தம் முகத்திற்குத் தாமே உரிமை கொண்டாட அவர் முயன்ற காலம் இதுவாகலின்.

முயற்சி முழுவெற்றி பெற்றதென்று சொல்லுதற்கில்லை. படம் அமெரிக்க அரங்குகளில் ஓடவேண்டும்; ஓடினாலன்றிக் கம்பனி நிலையாது. ஆகவே பழைய வார்ப்புகளை அவரும் முற்றாகக் கைவிட்டாரல்லர். 1919இல் வந்த ‘த மான் பினீத்’ என்னும் படத்திலே அவர் இந்துவான ஒரு மருத்துவ அறிஞராகத் தோன்றுகின்றார். ஸ்கொத்லாந்துப் பெண்ணொருத்தியும் அவரும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். இனவேற்றுமையால் அவ்விருப்பம் நிறைவேறாது போகின்றது. முடிவு பழையதே. ஆனால் அவ்வறிஞர் கீழானவர் என்பதாற் காதல் கெடவில்லை, உலகம் குறுகியது என்பதாற் கெடுகின்றது என்று கதை சொல்லப்படுகின்றது. வேறுபாடு சிறிது, அன்றைய நிலையில் அதுவே துணிவு.

அதே ஆண்டில் வந்த ‘வலுசர்ப்ப ஓவியன்’ அவர் படங்களுள் தனித்து நிற்பது. மேரி மக்நீல் பெனலோசா எழுதிய புதினத்தின் வழி வந்த கதை. தட்சு என்னும் இளைஞன் மலைக்காட்டில் அலைந்து ஓவியந் தீட்டுகின்றான். ஆயிரமாண்டுகட்கு முன் தான் இழந்த வலுசர்ப்ப இளவரசியைத் தேடுவதாக நம்புகின்றான். ஆண்மக்கட்பேறற்ற முதுபெரும் ஓவியர் ஒருவர் அவனை அழைத்து வந்து, தம் மகளையே அவ்விளவரசியெனக் காட்டி மணமுடித்து வைக்கின்றார். தேடியது கிடைத்தவுடன் அவனுக்குத் தூரிகை ஓடவில்லை. கணவனின் கலை தன்னாற் கெட்டதென வருந்திய மனைவி, இறந்துபட்டாள் என்று எண்ணும்படி மறைந்துவிடுகின்றாள். துயரத்தில் அவன் மீண்டும் தீட்டுகின்றான்; பின் அவளும் திரும்பி வருகின்றாள். இதில் வெள்ளைப் பெண்ணில்லை, துறவுமில்லை, சூடிட்ட முத்திரையுமில்லை. யப்பானியர் இருவரிடையே நிகழும் காதலும் கலையும் மட்டுமே உள்ளன. மனைவியாக நடித்தவர் சுரு அவோகி. ஒருகாற் கணவனுக்கு மகளாகத் தோன்றிய அவர் இங்கே தமக்குரிய இடத்திலேயே தோன்றுகின்றார். யப்பானிய மலைகளுக்குப் பதிலாகக் கலிபோர்ணியாவின் யோசமிற்றிப் பள்ளத்தாக்கைப் படம்பிடித்தனர். முதிய ஓவியராக வெள்ளை நடிகர் ஒருவரே வேடமிட்டார் என்பதையும் மறைக்காமற் கூறவேண்டும்.

அக்காலத்தில் ஹொலிவூட்டில் அவர் வாழ்ந்த மாளிகை கோட்டைபோற் கட்டப்பட்டது. விருந்துகள் பேர்பெற்றவை, பொன்முலாம் பூசிய மோட்டார் வண்டி வைத்திருந்தார் என்றுஞ் சொல்வர். இத்தகைய ஆடம்பரத்தைப் பழிப்போருண்டு. தம்மைத் தாழ்த்திப் பார்த்த ஊரில் யாரினுந் தாழாது வாழ்ந்து காட்டும் பிடிவாதமும் அதில் இருந்திருக்கலாம்.

1920இல் கலிபோர்ணிய நிலச்சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. யப்பானியரை வெளியேற்றுக என்ற கூச்சல் தேர்தல் மேடைகளிற் கேட்டது. 1921இல் ‘த ஷேக்’ என்ற படத்தின் மூலம் றூடோல்ப் வலன்ரீனோ பெரும்புகழ் பெற்றார். அதில் நாயகன் அராபியத் தலைவன். ஆங்கில மாது அவனைக் காதலிக்கின்றாள். ஈற்றிலே அவன் பிறப்பால் ஐரோப்பியனே என்ற செய்தி வெளியாகி எல்லாம் நன்றாய் முடிகின்றது. ஹயகாவாவின் திரைக்கவர்ச்சி முழுவதையும் கொண்டு, அவர் நிறத்தை மட்டும் நீக்கிவிட்ட நாயகன் கிடைத்துவிட்டான். 1922இல் ஹயகாவா அமெரிக்கப் படவுலகை விட்டு வெளியேறினார். அவ்வாண்டு நவம்பரில், இருபதாண்டுகள் அமெரிக்க மண்ணில் வாழ்ந்து அங்கேயே உயர்கல்வியும் பயின்ற தக்காவோ ஒசாவா என்பவர் தொடுத்த வழக்கில், யப்பானியர் வெள்ளையரல்லர், ஆதலாற் குடியுரிமைக்கு உரியரல்லர் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்தது. மூன்று மாதம் கழித்துப் பகத்சிங் திண்ட் என்ற பஞ்சாபியரின் வழக்கில் இந்தியருக்கும் அதே தீர்ப்புக் கிடைத்தது. 1924ஆம் ஆண்டுச் சட்டம் யப்பானியர் குடிவரவையே நிறுத்திற்று. ஹயகாவா வெளியேறியதற்குச் சட்டமே காரணம் என்று நேர்கோடிட்டுக் காட்டுவது மிகையாகலாம். வணிகப் பூசல்களும் இருந்தன. ஆயினும் அவர் காலடியிலிருந்த நிலம் எத்திசையிற் சரிந்தது என்பது தெளிவு.

பிரான்சு அவரை வரவேற்றது. 1923இல் குளோட் பரேர் எழுதிய புதினத்தின்வழி எடுத்த ‘லா பத்தாய்’ என்னும் படத்தில் யப்பானியக் கடற்படை அதிகாரியாக நடித்தார். கடற்படையில் இடங்கிடையாத இளைஞர் முப்பத்தேழாம் வயதில் திரையிற் சீருடை தரித்தார். இலண்டனிலும் நடித்தார். பின்னர் நியூயோர்க் மேடை, யப்பானிய மேடை என்று அலைந்தார். பேசும்படம் வந்தபின் 1931இல் ‘டோற்றர் ஒவ் த டிராகன்’ படத்தில் நடிக்க ஹொலிவூட் அழைத்தது. சீன வழிவந்த அமெரிக்க நடிகை அன்னா மே வொங் அதில் நாயகி. சீனக் கொடியோன் பூ மஞ்சுவாக வேடமிட்டவரோ சுவீடனிற் பிறந்த வோனர் ஓலண்ட். ஹயகாவாவின் ஆங்கில உச்சரிப்பு விமர்சகருக்குப் பிடிக்கவில்லை. பேசாப் படத்திலே நாவுக்கு நாடில்லை. முகம் ஒன்றே போதுமானதாயிருந்தது. ஒலி வந்தபோது அந்த நற்பேறு அவர்போல்வார்க்குப் போயிற்று. 1934 முதல் இறுக்கமாக நடைமுறைக்கு வந்த படத்தணிக்கை விதிகள் இனக்கலப்புக் காதலைத் திரையினின்றும் விலக்கின. பழைய ஹயகாவாக் கதைகளின் பாதிக் கதவும் இவ்வாறு அடைபட்டது.

1937இல் மீண்டும் பிரான்சு சென்று, பேசும்படமாக மறுபிறவியெடுத்த ‘வஞ்சக’த்திலும் நடித்தார். குடும்பம் யப்பானில், இரண்டாம் உலகப் போர் வந்தது, யேர்மானியர் பாரிசைப் பிடித்தனர். அவர் அங்கேயே அகப்பட்டு, நீர்வண்ண ஓவியங்களை விற்று வாழ்ந்தார். வலுசர்ப்பத்தைத் தீட்டிய தட்சுவின் வேடம் இப்போது உண்மையாயிற்று.

1949இல் நடிகர் ஹம்பிறி போகாட்டின் கம்பனியார் அவரைத் தேடிப்பிடித்து ‘டோக்கியோ ஜோ’ படத்திற்கு அழைத்தனர். மறுஆண்டு வந்த ‘திரீ கேம் ஹோம்’ படத்தில், போர்னியோவில் அமெரிக்கப் பெண்ணொருத்தி அடைபட்டிருந்த சிறைமுகாமின் தளபதி சுகாவாக நடித்தார். போர் முடிவடைந்த வேளையில், ஹிரோஷிமாவில் மனைவி மக்களை இழந்த அத்தளபதி, முகாமிலிருந்த சிறுபிள்ளைகள் மூவரை வீட்டுக்கழைத்துத் தின்பண்டம் கொடுத்துவிட்டுத் தனியே அழுகின்றார். போர்ப்பகை ஆறுமுன்னே எடுத்த அமெரிக்கப் படத்தில் யப்பானியத் தளபதிக்காகக் காண்போரைக் கண்கலங்கச் செய்தல் சிறு செயலன்று.

இதன்பின்னரே கித்துல்கலை. சைட்டோவும் சிறைமுகாம் தளபதிதான், கொடியவன்தான். அலெக் கின்னஸ் நடித்த ஆங்கிலத் தளபதியின் பிடிவாதத்திற்குத் தோற்று, அவர் விதித்த நிபந்தனைக்கு இணங்கிய இரவில், எவரும் காணாமற் சைட்டோ அழுகின்றான். அடக்கத்திற் பெயர்பெற்ற முகம் அங்கே உடைகின்றது. மானமிழந்தவன் தன்னைத் தண்டிக்க எண்ணுங் குறிப்பும் அப்பாத்திரத்தில் உண்டு. சிபாக் கடற்கரையில் குறுவாளெடுத்த இளைஞரின் கதை மெய்யாயின், இவ்வேடத்திற்கு அவர் வேறெங்கும் பயிற்சி தேடவேண்டியதில்லை. தம் நடிப்பின் சிகரம் இதுவென்றே அவர் கருதினார்.

இப்படத்தைப் பற்றித் தமிழர் சொல்லவேண்டிய ஒன்றுண்டு. சயாம்–பர்மாப் புகையிரதப் பாதையை வெட்டியவர் வெள்ளைச் சிறைவீரர் மட்டுமல்லர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளரும் அங்கே உழைத்து மாண்டனர். இலங்கையிலே எடுக்கப்பட்ட அப்படத்தில் அவர்களுக்கு முகமில்லை. யாருடைய துயரம் திரைக்குரியது என்னும் வழக்கில் ஹயகாவா நாற்பதாண்டு வழக்காடினார். அவர்களோ வழக்கிலேயே சேர்க்கப்படவில்லை.

1958ஆம் ஆண்டு மார்ச்சில் நடந்த அக்கடமி விருது விழாவில் இப்படம் ஏழு விருதுகளைப் பெற்றது. துணை நடிகருக்கான விருதுக்கு ஹயகாவாவின் பெயரும் முன்மொழியப்பட்டிருந்தது. விருது ‘சயோனாரா’ என்ற படத்தில் நடித்த றெட் பட்டன்சுக்குச் சென்றது. யப்பானியப் பெண்ணை மணந்து அவளோடு உயிர்விடும் அமெரிக்கப் படைவீரனின் வேடம் அது. அதே படத்தில் அப்பெண்ணாக நடித்த மியோஷி உமெக்கி துணை நடிகைக்கான விருதைப் பெற்றார். 1914இல் ‘தேவர் சினம்’ கண்ட இணையே இது. மாலுமிக்குப் பதில் விமானப்படையான். ஆசியருக்குக் குடியுரிமை மறுத்த விதி இதற்கு ஆறாண்டுகட்கு முன்னர், 1952இல் நீக்கப்பட்டிருந்தது.

சுரு அவோகி 1961இல் மறைந்தார். ஹயகாவா தாய்நாடு திரும்பிச் சென் பௌத்தத் துறவு நெறியில் நின்று, நடிப்பும் கற்பித்துவந்தார். 1973ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் டோக்கியோவிற் காலமானார். அவர் நடித்த பேசாப் படங்களுட் பெரும்பாலானவை அழிந்துபட்டன. எரியுந் தன்மையுள்ள நைத்திரேற்றுச் சுருளிற் பதிந்த அவற்றை எவரும் பேணினாரல்லர். படம் ஓடி முடிந்தபின் சுருளுக்கு விலையில்லை என்பதே முதலாளிகளின் எண்ணம். ‘வலுசர்ப்ப ஓவிய’னும் அழிந்ததென்றே கருதப்பட்டது. பின்னர் பிரான்சில் ஒரு பிரதி அகப்பட்டு 1988இற் புதுப்பிக்கப்பட்டது. அமெரிக்கப் பாராளுமன்ற நூலகம் நாட்டின் உடைமையாகப் பேணத்தக்க படங்களைத் தெரிந்து பதியும் ஏட்டில் ‘வஞ்சகம்’ 1993இல் இடம்பெற்றது. ‘வலுசர்ப்ப ஓவியன்’ 2014இல் இடம்பெற்றது.